ஏழு மணி சீரியலும் எங்கள் வீட்டுக் கஞ்சியும்

ஜூன் 3, திங்கள்

இரத்த அழுத்தம் 150/90. சர்க்கரை 182. மலம் போகவில்லை.

இவற்றை மட்டும் தினமும் குறித்து வைத்தால் போதும் என்றார் டாக்டர். முப்பத்திரண்டு வருடம் பாடக்குறிப்பு எழுதிய கைக்கு ஒரு வரியோடு நிறுத்தத் தெரியவில்லை.

ஏஜென்சியிலிருந்து புது ஹோம் நர்ஸ் வந்திருக்கிறாள். பெயர் மாரிச்செல்வி. வயது முப்பத்து நான்கு. மூலைக்கரைப்பட்டியைத் தாண்டி ஊர். கணவன் விட்டுவிட்டுப் போய் ஆறு வருடமாகிறதாம். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் மாரியின் அம்மாவிடம் வளர்கிறாள். இதற்கு முன் வந்த இருவரும் நான் குறை சொல்கிறேன் என்று மூன்று வாரத்தில் போய்விட்டார்கள். குறை இருந்தால் சொல்லத்தானே வேண்டும்.

மார்ச் மாதம் பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவருக்கு வலது பக்கம் முழுவதும் செத்துப்போய்விட்டது. பேச்சும் இல்லை. டெட்டாலை எவ்வளவு ஊற்றிக் கழுவினாலும் அந்த அறையில் ஒரு வாடை நிற்கிறது. எனக்கு முதுகுவலி, குனிய முடியாது. அதனால்தான் ஆள் வைத்திருக்கிறேன்.

மாரி உள்ளே போனதும் அவர் கையைப் பிடித்து, "சார், நான் மாரி. இப்ப உங்கள ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கப் போறேன். வலிச்சா என் கைய அமுக்குங்க, என்ன?" என்றாள். பதில் சொல்ல முடியாதவரிடம் என்ன பேச்சு? நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அழுக்கு விரிப்பை உருவிச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. யாருக்காவது அருவருப்பு வராமல் இருக்குமா? நடிக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 5, புதன்

148/88. சர்க்கரை 170. மலம் போனது.

மாலை பக்கத்து வீட்டு ஜெபகனி வந்தாள். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவள். சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள்.

"டீச்சர், கோவிச்சுக்காதிய. ஒரு அரைமணி நேரம் டிவி போடுங்க. எங்க வீட்டுல மருமவ பாட்டுப் போட்டின்னு ரிமோட்ட விடமாட்டேங்கா. ஏழு மணி சீரியல் போயிரும்."

போட்டேன். சீரியல் என்றாலே எனக்குக் குமட்டும். காலையில் இட்லி தின்னக்கூடப் பட்டுச்சேலை. ஒருத்தி திரும்பிப் பார்த்தால் அதை மூன்று முறை இடிச்சத்தத்தோடு காட்டுவார்கள். இந்தக் கதையில் பணக்கார வீடு ஒன்றில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். அவரைப் பார்த்துக்கொள்ள வினோதினி என்று ஒரு ஹோம் நர்ஸ். எல்லார் முன்னாலும் தேனாகப் பேசுகிறாள். ஆள் நகர்ந்ததும் பாலில் ஏதோ பொடியைக் கலக்குகிறாள்.

"பாத்தியளா, எப்படிச் சிரிக்கா!" என்று ஜெபகனி சோபாவின் கையைக் குத்தினாள்.

சரியாக அந்த நேரம் மாரி கஞ்சிக் கிண்ணத்தோடு ஹாலைக் கடந்து போனாள். ஜெபகனி அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். படித்தவள், முப்பது வருடம் அரசாங்க வேலை பார்த்தவள். வெறுப்பாக இருந்தது எனக்கு.

ஜூன் 11, செவ்வாய்

146/90. சர்க்கரை 165. மலம் போனது.

ஜெபகனி தினமும் வருகிறாள். வந்தவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போக முடியாதே. அந்த நேரத்தில் துணி மடிக்கிறேன்.

வினோதினி என்பது அவள் உண்மைப் பெயரே இல்லையாம். இதற்கு முன் வேலை பார்த்த வீட்டிலும் ஒரு பெரியவர் செத்திருக்கிறார். மருமகள் ஒருத்திதான் அவளைச் சந்தேகப்படுகிறாள். நல்ல பெண். ஆனால் வீட்டில் யாரும் அவள் பேச்சை நம்பவில்லை.

காலையில் இவர் அறையிலிருந்து ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் இவர் சிரிக்கிறார். மார்ச்சுக்குப் பிறகு முதல் சிரிப்பு. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் தாடையில் வழிய, தொண்டைக்குள்ளிருந்து ஒரு கனைப்பு. மாரியும் சிரித்துக்கொண்டு துண்டால் துடைத்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். எங்க ஊரு ஆட்டுக் கதை ஒண்ணு சொன்னேன்."

நாற்பத்தொரு வருடம் கூட இருந்தவள் நான். என்னிடம் ஒரு முனகல் கிடையாது. வந்து எட்டு நாள் ஆனவளிடம் சிரிப்பு.

ஜூன் 15, சனி

ஜெபகனிக்குக் காய்ச்சல், வரவில்லை. வினோதினி பெரியவரிடம் கைநாட்டு வாங்கிவிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

150/92. மலம் இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நான்கு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சார் எப்படி இருக்கிறார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. "நர்ஸ் எப்படி டீச்சர்? நல்ல மாதிரியா? பாத்து இருங்க." வக்கீல் வீட்டில் மூன்று வருடமாக இருந்த பெண்ணைப் போன வாரம் நிறுத்திவிட்டார்களாம். எதற்கு என்றால், "ஒண்ணும் செய்யல. ஆனா எப்ப செய்வான்னு யாருக்குத் தெரியும்?" என்கிறாள் அந்த அம்மா. கையில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு.

இவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான் என்று நினைக்கவே அசிங்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பீரோ சாவியை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆணி துருப்பிடித்திருக்கிறது, அதனால்தான்.

ஜூன் 25, செவ்வாய்

152/90. சர்க்கரை 178. மூன்று நாளாக மலம் போகவில்லை.

மாரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப்பில் இரண்டு மூடி நானே ஊற்றி இவர் வாயில் விட்டேன். இவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், பாதி வாயோரம் வழிந்தது. திரும்ப ஒரு மூடி ஊற்றினேன். அவள் ஏற்கெனவே கொடுத்திருப்பாளா என்று கேட்கவில்லை. என் கணவருக்கு நான் மருந்து கொடுக்க அவளிடமா அனுமதி கேட்க வேண்டும்?

ஜூன் 26, புதன்

காலை முதல் ஏழு முறை. தண்ணீராக. வீடு முழுவதும் அந்த நாற்றம். மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாரி ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து விரிப்பு மாற்றினாள்.

ஜெபகனி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். "டீச்சர், சீரியல்லயும் அந்தப் பெரியவருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள்.

"வாய மூடு ஜெபகனி" என்றேன். பிறகு அடுப்படிக்குப் போய் மாரி காய்ச்சி வைத்திருந்த நொய்க்கஞ்சியை முகர்ந்து பார்த்தேன். கஞ்சி வாசனைதான். ஒரு கரண்டி எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

இரத்த அழுத்தம் 100/60. மிகவும் தளர்ந்துவிட்டார்.

டாக்டர் வீட்டுக்கு வந்து டிரிப் போட்டார். கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "சிரப் அதிகமாக் குடுத்துட்டீங்களா?" என்றார்.

"மருந்தெல்லாம் மாரிதான் கொடுப்பா" என்றேன்.

அது உண்மை. வழக்கமாக அவள்தான் கொடுப்பாள்.

டாக்டர் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எழுதிக் குடுத்தத வாசிக்கத் தெரியாதா? இந்த வயசுல உடம்புத் தண்ணி இப்படி வத்துனா ஆளு தாங்குமா?" மாரி வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். "சரி சார். இனி பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஜெபகனி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 28, வெள்ளி

110/70. மலம் நின்றிருக்கிறது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏழு மணி. ஜெபகனி சோபாவில். சீரியலில் பெரியவர் இரத்த வாந்தி எடுக்கிறார், வினோதினி அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். விளம்பரம் வந்ததும் இவர் அறைக்குப் போனேன். ஜெபகனியும் பின்னாலேயே வந்தாள். மாரி தலையணையை உயர்த்தி இவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். கையில் கஞ்சிக் கிண்ணம்.

"மாரி, அதுல ஒரு வாய் நீ குடிச்சுக் காட்டு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "டீச்சர்?"

"குடிச்சுக் காட்டுன்னேன். அப்புறம் அவருக்குக் குடு."

புரிந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் திருடாத பிள்ளையைத் திருடி என்று எழுப்பி நிறுத்தினால் முகம் அப்படித்தான் ஆகும். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தெரிந்தும் கிண்ணத்தைக் காட்டிக் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். ஒரு வாய் இல்லை, மூன்று வாய். புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

"சீரியல்ல அந்தப் பொம்பள பால்லதான டீச்சர் கலக்குவா? அடுப்புல பாலும் இருக்கு. அதையும் குடிக்கட்டுமா?"

ஜெபகனி இருமினாள். மாரி வேறு கரண்டி எடுத்துவந்து இவருக்குக் கஞ்சி கொடுத்தாள். இவர் என்னையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வாயாக விழுங்கினார். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கண்ணில் நீர் வடிவது சாதாரணம்தான்.

ஜூன் 29, சனி

மாரி போய்விட்டாள்.

விடிந்ததும் இவரைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, வெளுத்த வேட்டி கட்டி, விரிப்பு மாற்றினாள். எந்த மருந்து எப்போது, எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். பிறகு பையைத் தூக்கினாள்.

ஜெபகனி வாசலில் நின்றாள். "பைய ஒரு பார்வை பாத்துட்டு அனுப்புங்க டீச்சர். தப்பில்ல."

மாரி பையை என் முன்னால் தரையில் வைத்துத் தானே ஜிப்பைத் திறந்தாள். இரண்டு நைட்டி, ஒரு சேலை, சீப்பு, மகளின் படம், ஒரு கோடு போட்ட நோட்டு. நான் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஆம், எடுத்துப் பார்த்தேன்.

நோட்டை என் கையிலிருந்து அவள் திரும்ப வாங்கவில்லை. "அது சாருக்குள்ளது. நீங்களே வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

ஜூலை 1, திங்கள்

ஏஜென்சியில் ஆள் இல்லையாம். அந்த மேனேஜர் பெண் அலுப்போடு சொன்னாள்: "இந்த மாசத்துல மட்டும் பதினோரு வீட்டுல நிறுத்திட்டாவ டீச்சர். இருக்கிற பிள்ளைகளும் வரமாட்டேங்குதுவ. மாரியையும் எடுத்துட்டோம். அவ என்னமோ கலந்துட்டான்னு உங்க பக்கமெல்லாம் பேச்சு. எங்க பேரு கெட்டுப்போவும்லா?"

யார் சொன்னது என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டேன்.

காலையில் நானே செய்தேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ரப்பர் கையுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு. பாதியில் வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். கதவு திறந்திருந்தது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். திரும்பி வந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

முதுகுவலியைப் பற்றி முதல் நாள் எழுதியிருந்தேன். முதுகு வலிக்கவில்லை. ஒருநாளும் வலித்ததில்லை.

ஜூலை 4, வியாழன்

கஞ்சி கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்கிறார். பசி தாங்காமல் பத்து வாய் குடிக்கிறார், என் முகத்தைப் பார்க்காமல்.

படுத்தே கிடந்து இடுப்பில் சிவந்திருந்த இடம் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. மாரி இருந்தவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுவாள். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை புரட்டினேன் என்று எழுத மாட்டேன்.

ஜெபகனி ஏழு மணிக்கு வந்தாள். "இன்னைக்கு வினோதினிய போலீஸ் புடிக்குது டீச்சர்!" டிவி ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சத்தத்தை அடக்கி வைத்து நான் மட்டும் பார்த்தேன். பிடித்துவிட்டார்கள். நல்லது என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னைக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்பதை இத்தனை நாள் இங்கே எழுதாமல் விட்டேன். இன்று எழுதுகிறேன்.

மாரி இவருக்குப் பேச்சுப் பழக்கியிருக்கிறாள். தேதி போட்டு, அன்றன்று இவர் வாயிலிருந்து வந்த சொற்களை எழுதி வைத்திருக்கிறாள். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பிழையும் உண்டு.

ஜூன் 8: ம்மா.
ஜூன் 11: ஆடு. (சார் சிரிச்சாவ.)
ஜூன் 14: தண்ணி.
ஜூன் 19: வலிக்கி.
ஜூன் 22: வெக்கம்.
ஜூன் 26: எமி. மருந்து. மூணு.
ஜூன் 27: வேண்டாம்.

எமி என்றால் எமிலி. நான்தான். மூன்று மூடி.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டர் திட்டும்போது தெரியும். நான் கஞ்சியைக் குடித்துக் காட்டு என்று சொன்னபோதும் தெரியும். தெரிந்துகொண்டு மூன்று வாய் குடித்தாள்.

கடைசி 'வேண்டாம்' எதைப் பற்றி என்று எனக்குப் புரியவில்லை. கஞ்சி வேண்டாம் என்றாரா? என்னை வேண்டாம் என்றாரா?

ஜூலை 10, புதன்

ஜெபகனியை இவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு மூலைக்கரைப்பட்டி பஸ்ஸில் ஏறினேன். ஜெபகனியிடம் உதவி கேட்க நாக்கு கூசியது. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்?

மூலைக்கரைப்பட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ. மாரி வீடு எது என்று குழாயடியில் கேட்டதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நர்ஸ் மாரியா?" என்று ஒருத்தி இழுத்துக் கேட்டாள். மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பெஸ்டாஸ் வீடு. மாரி மடியில் பீடித்தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் அம்மா காப்பி கொண்டுவந்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டேன், சூட்டில் நாக்கு வெந்துவிட்டது. நான் ஏன் அப்படிக் குடித்தேன் என்று மாரிக்கும் தெரியும். டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "எப்ப வேலைக்கு வாற?"

"வரலை டீச்சர்."

"நான் சொன்னது தப்பு மாரி. மருந்த நான்தான் குடுத்தேன்."

"தெரியும். சார் சொன்னாவ."

"பிறகு ஏன் டாக்டர்ட்ட சொல்லல? உன்னையில்ல அவரு திட்டுனாரு?"

பீடி இலையை வெட்டிக்கொண்டே பேசினாள். "சொல்லத்தான் வாயெடுத்தேன். சாரைப் பாத்தேன். வேண்டாம், வேண்டாம்னு உதட்ட அசைச்சாவ. நாலு பேரு முன்னால நீங்க தலகுனியக் கூடாதுன்னு இருந்திருக்கும். சார் கேட்டு நான் எப்படி மாட்டேங்கது? எனக்கு என்ன, திட்டு வாங்கிட்டுப் போறேன்னு இருந்துட்டேன். கஞ்சியக் குடின்னு சொல்லுவியன்னு நினைக்கல."

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். எழுந்து எங்கே போவது என்றும் தெரியவில்லை.

"கோவத்துல வரமாட்டேன்னு சொல்லல டீச்சர். இனிமே எந்த வீட்டுல கஞ்சி எடுத்துட்டுப் போனாலும் எனக்கே கை நடுங்கும். நடுங்குனா அதையும் பாப்பாவ. இங்க பிள்ளையப் பள்ளிக்கூடத்துல 'விஷ நர்ஸ் மவ'ன்னுதான் கூப்பிடுதுவளாம். அவ டிபன் டப்பாவுல இருந்து எவளும் ஒரு வாய் எடுக்கிறதில்லையாம். ஏழு மணியானா இந்தத் தெருவுலயும் எல்லா வீட்டுலயும் அதுதான ஓடுது."

புறப்படும்போது வாசல் வரை வந்தாள். "சாருக்கு இடுப்புல செவந்திருந்துச்சே, ஆறிட்டா?"

"ஆறிட்டு" என்றேன்.

அவ்வளவும் சொன்ன பிறகும் அவளிடம் ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஜூலை 13, சனி

இரண்டு மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்துப் புரட்டுகிறேன். புண்ணைக் கழுவி மருந்து போட்டேன். துண்டைக் கட்டிக்கொள்ளவில்லை. குமட்டல் வருகிறது. வந்தால் வரட்டும். வாந்தி எடுக்கவில்லை.

"ஒருச்சாய்க்கப் போறேன். வலிச்சா கைய அமுக்குங்க" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் அமுக்கவில்லை.

ஜூலை 20, சனி

சீரியலில் கதை திரும்பிவிட்டது!

டிவியைப் போடவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. ஏழரைக்கு ஜெபகனி ஓடிவந்தாள். மூச்சிரைக்கிறது, கண் கலங்கியிருக்கிறது. "டீச்சர், நர்ஸ் நல்லவளாம்! அவ பால்ல போட்டது நாட்டு மருந்தாம், பெரியவரக் காப்பாத்த! விஷம் வச்சது மருமவ! பாவம் அந்த வினோதினி, ஜெயில்ல கெடந்து என்ன பாடு படுதா. எனக்கு அழுகையே வந்துட்டு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே அழுதிருக்கிறாள்.

"நம்ம மாரியும் பாவம்லா?" என்றாள். "திரும்பக் கூப்பிட்டுருங்க டீச்சர். தங்கமான பிள்ள." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டு மருமவள இனிமே அடுப்படிக்கு விடப்போறதில்ல. நாளைலேருந்து நானே பொங்கிக்கிடுதேன். அவ பார்வையே சரியில்ல."

மூன்று வருடமாக அவளுக்குப் பொங்கிப்போட்டு, மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துவிடும் பெண் அவள் மருமகள்.

ஜூலை 22, திங்கள்

காலையில் ஏஜென்சிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மருந்து அதிகமாகக் கொடுத்தது நான், டாக்டரிடம் உண்மையை மறைத்ததும் நான், மாரிச்செல்வியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கையெழுத்துப் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேனேஜர் பெண் முதல் வரியை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். சிரித்தாள். "இதெல்லாம் இனி தேவையில்ல டீச்சர். சீரியல்லதான் எல்லாம் தெளிவாயிட்டே. காலையிலேருந்து போன் ஓயல, எல்லாரும் நர்ஸ் கேக்காவ. மாரிக்கும் பேசுனேன். அவதான் வரமாட்டேங்கா. உங்க லெட்டரப் போட்டோ எடுத்து அனுப்பிப் பாக்கேன், வேணும்னா."

"அனுப்புங்க" என்றேன். "அவ ஊர்ல நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க."

ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கியதும் அந்தப் பெட்டிதான், விடுதலை செய்ததும் அந்தப் பெட்டிதான். நான் கையெழுத்துப் போட்ட உண்மைக்கு அந்த மேஜையில் இடமில்லை. படி இறங்கும்போது எனக்குக் கை காலெல்லாம் அழுக்கு ஒட்டியதுபோல இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

120/80. சர்க்கரை 150. மலம் போனது. புண் ஓரத்தில் காய ஆரம்பித்திருக்கிறது.

மாலை ஜெபகனி வந்தாள். கூடவே வக்கீல் வீட்டு அம்மாவும் வந்திருந்தாள், மாரியின் முகவரி கேட்டு. நிறுத்திய நர்ஸ் திரும்ப வர மாட்டேன் என்றுவிட்டாளாம். இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். ஜெபகனி தன் மருமகள் குழம்பில் புளி அதிகமாக ஊற்றுவதைப் பற்றியும், அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தாள். வக்கீல் வீட்டு அம்மா தலையாட்டினாள்.

இவர் அறைக் கதவு திறந்திருந்தது. மூடவில்லை.

"ஜெபகனி, சீரியல்ல மருமவதான?" என்றேன்.

"ஆமா டீச்சர், படுபாவி."

"இந்த வீட்டுல நான்தான். மாரி குடுத்ததுக்கு மேல மூணு மூடி மருந்து நான்தான் குடுத்தேன். ஆளு சாகக் கெடந்தாரு. டாக்டரு கேட்டப்ப அவ தலையில போட்டேன். அவளக் கஞ்சி குடிக்க வச்சேன். நீயும் பாத்துக்கிட்டுதான நின்ன? நீ சர்ச்சுல அவளப் பத்திச் சொன்னதயெல்லாம் போய் மாத்திச் சொல்லு, நடந்தது இப்படின்னு."

வக்கீல் வீட்டு அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மூன்று வாரத்துக்கு முன் நான் இன்னொருத்தி மேல் வைத்திருந்தேன். என் கையைப் பார்த்தாள். பிறகு தன் டம்ளரைப் பார்த்தாள். உதடு வரை போன டீயை மெதுவாக ஸ்டூலில் வைத்தாள்.

"வாறோம் டீச்சர். வேலை கெடக்கு" என்று ஜெபகனி எழுந்தாள். அவள் டம்ளரும் அப்படியே இருந்தது. செருப்பைப் போடும்போது மற்றவளிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: "நான் அப்பவே நினைச்சேன். முழியப் பாத்தியளா?"

இரண்டு டம்ளரிலும் ஆடை கட்டிவிட்டது. எடுத்துக் கொட்டிக் கழுவினேன்.

ஏழு மணிக்கு இவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் அந்தச் சீரியலின் பாட்டு கேட்டது. தலையணையை உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்தேன். என்னை நேராகப் பார்த்தார். எவ்வளவு நாளாயிற்று. அந்தக் கண்ணில் வெறுப்பு இருக்கிறதா என்று தேடினேன். இருந்தால் அது நியாயம்தான்.

வாயைத் திறந்தார். ஒரு கரண்டி விட்டேன். விழுங்கினார். இன்னொன்று. மூன்றாவது கரண்டியில் என் மணிக்கட்டை இடது கையால் பிடித்து நிறுத்தினார். உதடு கோணிக் கோணி இழுத்தது. காத்திருந்தேன்.

"உ... உப்பு" என்றார்.

போட மறந்திருக்கிறேன். எழுந்து போய் எடுத்துவந்தேன்.